பன்னிரண்டு மார்க் எடுத்தால் கொண்டாடும் ஊரில்

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மார்க். பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தால் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போகாது என்று அப்போதெல்லாம் சீனியர் அக்காக்கள் சத்தியம் செய்வார்கள். இன்ஜினியரிங் கட் ஆஃபுக்கு அது பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்றாலும், மொத்த மார்க் பார்க்க அழகாக இருக்கும். 1200க்கு எத்தனை என்று சொந்தக்காரர்கள் கேட்ட காலத்தில் படித்தவள் நான். எனக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். ஒரே சங்கடம், அந்த இரண்டு வருஷமும் எங்கள் வகுப்பில் யாரும் பிரெஞ்சு பேசவில்லை. மிஸ் இங்கிலீஷில் விளக்குவார், நாங்கள் தமிழில் சந்தேகம் கேட்போம், பிரெஞ்சு பாவம் நோட்டுக்குள்ளேயே கிடக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சில வருஷம் கழித்து பிரான்ஸில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் உதவி ஆசிரியையாகப் போய் நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் அச்சு அசல் நான்தான். இலக்கணப் பயிற்சித் தாளை நீட்டினால் நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்டால் மேஜையைப் பார்ப்பார்கள்.

அந்த வேலை எப்படிக் கிடைத்தது, சம்பளம் எவ்வளவு, தனியாக இருக்க பயமில்லையா என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கல்லூரி முடிந்ததும், மார்க்குக்காகப் படித்த மொழியில் ஒரு தடவையாவது பேசிப் பார்க்க வேண்டும் என்ற வீம்பில் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் இந்தத் திட்டம் காதில் விழுந்தது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வருஷா வருஷம் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களை மொழி உதவியாளர்களாக வரவழைக்கிறது. ஸ்பெயின்காரர்களும் கொலம்பியாக்காரர்களும் ஸ்பானிஷுக்கு, ஜெர்மானியர்கள் ஜெர்மனுக்கு. இங்கிலீஷுக்கு பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று நீளும் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. பிரிட்டனுடனான இந்தப் பரிமாற்றம் 1905லேயே தொடங்கிவிட்டது. இன்று இதை நடத்துவது பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் இருக்கும் பிரான்ஸ் எஜுகாஸியோன் இன்டர்நேஷனல் என்ற அரசு நிறுவனம். வாரத்துக்கு 12 மணி நேர வேலை, வழக்கமாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம். முழுப்பொறுப்பு ஆசிரியர் இல்லை. மார்க் போடும் உரிமையும் கிடையாது, தண்டிக்கும் உரிமையும் கிடையாது. பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் பிடித்த பகுதிகளைக் குறிப்பிடலாம். எல்லாரும் பாரிஸ், லியோன், நீஸ் என்றுதான் எழுதுவார்கள், நானும்தான். எனக்கு வந்தது லு புயி. மத்திய பிரான்ஸின் எரிமலைப் பிரதேசத்தில், ஓத் லுவார் மாவட்டத்தின் தலைநகர். கிளெர்மோன் ஃபெரானிலிருந்து குட்டி ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊருக்கு நடுவே செங்குத்தான எரிமலைப் பாறை, அதன் உச்சியில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த புனித மிக்கேல் சிற்றாலயம், ஏறிப்போக 268 படி. திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை ஞாபகம் வரும். உச்சியில் பிள்ளையார் மட்டும்தான் பாக்கி. பக்கத்துப் பாறையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பிரம்மாண்ட மாதா சிலை. கிரிமியப் போரில் செவஸ்தபோலில் கைப்பற்றிய 213 ரஷ்யப் பீரங்கிகளை உருக்கி வார்த்து 1860இல் நிறுத்தியது. ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்தே போகும் யாத்திரிகர்கள் புறப்படும் ஊர்களில் இதுவும் ஒன்று, அதனால் கோடையில் முதுகுப் பையோடு கூட்டம் அலைமோதும். நான் போன அக்டோபரில் அவர்களும் கிளம்பிவிட்டிருந்தார்கள். கடைகள் ஏழு மணிக்கெல்லாம் சாத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

காகித விஷயத்தைச் சொல்லாமல் பிரான்ஸைப் பற்றி எழுதவே கூடாது. வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும். வீட்டுக்குக் குடிபோக காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்கு வங்கிக் கணக்கு எண் அச்சடித்த 'ரிப்' என்ற தாள் வேண்டும். சம்பளத்துக்கும் அதே ரிப். வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து பிரெஞ்சில் வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்ததால், ஊர் முழுக்க நான் 'மதாம்' போட்ட என் அப்பா. வங்கியில், தபால் நிலையத்தில், பல் டாக்டரிடம் எங்கே போனாலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போனில் சொன்னபோது அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. "நான் பாஸ்போர்ட்டே எடுக்கல, அதுக்குள்ள ஃபிரான்ஸ்ல எனக்கு அக்கவுன்ட்டா!" என்றார்.

தங்கியது பள்ளியின் மேல்மாடியில். கொஞ்ச வாடகைக்கு ஊழியர்களுக்கான அறைகள் கொடுத்திருந்தார்கள். ஸ்பானிஷ் உதவியாளராக வந்த கொலம்பியப் பெண்ணும் ஜெர்மன் உதவியாளரும் நானும் ஒரே சமையலறை. மூன்று பேருக்கும் பொது மொழி பிரெஞ்சு மட்டும்தான். மூன்று பேரும் தப்புத் தப்பாகப் பேசுவோம், யாரும் யாரையும் திருத்த மாட்டோம். என் பிரெஞ்சு தேறியது அந்த அடுப்படியில்தான். வகுப்புகளுக்கும் சான்றிதழ்களுக்கும் கொட்டிய பணத்தை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

லு புயி பருப்புக்குப் பேர்போன ஊர் என்பது போன பிறகுதான் தெரியும். கரும்பச்சையில் சின்னச் சின்ன மணியாக இருக்கும். 1996இலேயே புவிசார் பெயர்ப் பாதுகாப்பு வாங்கிய பருப்பு. பிரான்ஸில் பருப்பு வகைகளில் அதுதான் முதல். அவர்கள் அதைப் பன்றித் தொத்திறைச்சியோடு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். நான் சாம்பார் வைத்துப் பார்த்தேன். எத்தனை நேரம் வெந்தாலும் அது குழையாது, அதுதான் அதன் பெருமையாம். சரி என்று சுண்டலுக்கு மாற்றினேன். தேங்காய்த் துருவல் பாக்கெட்டில் காய்ந்ததுதான் கிடைக்கும், கறிவேப்பிலைக்கு வழியே இல்லை, இருந்தும் பிரமாதமாக வந்தது. கொலம்பியாக்காரி கிண்ணத்தை வழித்துவிட்டாள்.

வகுப்புக்கு வருகிறேன்.

எனக்குக் கிடைத்தது லிசே, அதாவது பதினைந்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒரு வகுப்பில் முப்பதுக்கு மேல் இருப்பார்கள், ஆசிரியர் பாதிப் பேரை என்னோடு வேறு அறைக்கு அனுப்புவார். முதல் நாள் எந்த நாடு என்று ஊகிக்கச் சொன்னேன். இங்கிலாந்து, அமெரிக்கா, கடைசியாக ஜமைக்கா. இந்தியா என்றதும் ஒரு சின்ன ஏமாற்றம் முகத்தில் ஓடியதைப் பார்த்தேன். நெட்ஃபிளிக்ஸில் கேட்கும் இங்கிலீஷ் வேண்டும் அவர்களுக்கு. ஒரு பெண் தயங்கித் தயங்கி, "வீட்டிலும் இங்கிலீஷா பேசுவீர்கள்?" என்றாள். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், அது எனக்கும் படித்து வந்த மொழிதான் என்றேன். அது நல்லதாகப் போயிற்று. பிறக்கும்போதே இங்கிலீஷோடு பிறந்தவரிடம் பேச வரும் கூச்சம் என்னிடம் சீக்கிரம் போய்விட்டது. இந்தியாவிலிருந்து உதவியாளர்களை எடுப்பதில் இது ஒரு பெரிய லாபம் என்று அடித்துச் சொல்வேன்; லண்டன்காரரால் இதைத் தர முடியாது.

ஆனாலும் பேச மாட்டார்கள். ஏன் என்று புரியச் சில வாரம் ஆனது. பிரான்ஸில் எல்லாத் தேர்வும் இருபதுக்குத்தான். பத்து எடுத்தால் தேர்ச்சி. பள்ளி இறுதித் தேர்வில் சராசரி 12 என்றால் பரவாயில்லை என்று ஒரு தகுதிக் குறிப்பு தருவார்கள், 14 என்றால் நன்று, 16 என்றால் மிக நன்று. இருபதுக்கு இருபது என்பது அபூர்வத்திலும் அபூர்வம். நூற்றுக்கு நூறு கொடுத்துப் பழகிய ஊரிலிருந்து போன எனக்கு, பன்னிரண்டு வாங்கிய பையன் பெஞ்சில் குதித்தது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் ஆசிரியர்கள் பூரணத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, பேசாமல் இருந்தால் கழிக்க எதுவும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் தயாரித்து வாயைக் கட்டிவிடுகிறோம். அங்கே பிழைக்குப் பயப்பட வைத்து வாயைக் கட்டிவிடுகிறார்கள். வழி வேறு, கடைசியில் கிடைப்பது அதே ஊமை வகுப்பு.

பாடப் புத்தகத் தலைப்புகளை வைத்து நான் தயாரித்துப் போன விவாதங்கள் எல்லாம் படுத்துவிட்டன. 'அடையாளமும் பரிமாற்றமும்', 'நிலமும் நினைவும்' என்று அவர்களுடைய பாடத்திட்டத்தில் அப்போது எட்டு கனமான தலைப்புகள் இருந்தன. அதில் போய்ப் பதினாறு வயசுப் பையனிடம் கருத்து கேட்டால் என்ன வரும்? கொட்டாவிதான் வரும்.

நிலைமையைத் திருப்பியது ஆட்டோ பேரம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பாதிப் பேர் சென்னை ஆட்டோ டிரைவர்கள், பாதிப் பேர் சென்ட்ரலில் இறங்கிய பயணிகள். டி. நகர் போக வேண்டும். டிரைவருக்கு இவ்வளவுக்குக் குறைந்தால் நஷ்டம் என்று ஒரு சீட்டு, பயணிக்குக் கையில் இவ்வளவுதான் என்று ஒரு சீட்டு. மீட்டர் ஓடவில்லை, மழை வருகிறது, ரிட்டர்ன் சவாரி கிடைக்காது, பெட்ரோல் விலை ஏறிப்போச்சு என்று பலகையில் நாலு சாக்கு எழுதிப் போட்டேன். அவ்வளவுதான், அறை சந்தைக்கடையானது. காசு என்று வந்ததும் இறந்தகாலம் எதிர்காலம் எல்லாம் காற்றில் பறந்தது. அக்டோபரிலிருந்து ஒரு வார்த்தை பேசாத ஒரு பையன் டிரைவராக உட்கார்ந்து, ஐம்பது ரூபாய்கூடக் குறைக்காமல் மூன்று பயணிகளைத் திருப்பி அனுப்பினான். அவன் சொன்ன எந்த வாக்கியத்திலும் இலக்கணம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஆசிரியை என்ன நடக்கிறது என்று கேட்டார். போக்குவரத்துப் பாடம் என்றேன்.

அதற்கப்புறம் நான் விவாதம் பக்கமே போகவில்லை. ரேஷன் கடை வரிசை, கல்யாண மண்டபத்தில் காணாமல் போன செருப்பு, பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி பற்றிப் போலீஸில் புகார் என்று சண்டை வரக்கூடிய சூழல்களாகப் பார்த்துப் பிடித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் இயல்பிலேயே வாதாடப் பிறந்தவர்கள், அந்தத் திறமைக்கு இங்கிலீஷில் ஒரு வாசல் திறந்துவிட்டால் போதும்.

இந்தியா பற்றி அவர்களுக்குத் தெரிந்தது காந்தி, தாஜ்மஹால், ஸ்லம்டாக் மில்லியனர். சென்னை தெரியும் என்று ஒருவன் கை தூக்கியபோது ஆச்சரியப்பட்டேன். மிஷ்லேன் டயர் ஆலை அங்கே இருக்கிறதே என்றான். அந்தக் கம்பெனி பிறந்தது கிளெர்மோன் ஃபெரானில், லு புயிக்குப் பக்கத்துப் பிளாவோஸியிலும் ஆலை உண்டு. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்க் கண்டிகை அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. புதுச்சேரியோ, பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியவில்லை. 1954 வரை உங்கள் ஆட்சி, இன்றைக்கும் அங்கே தெருப் பெயர்ப் பலகை பிரெஞ்சில், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி என்று படம் காட்டினால் விழிக்கிறார்கள். ஆசிரியர் அறையில் ஓய்வு பெறும் வயதில் இருந்த வரலாற்று ஆசிரியர் மட்டும் பொந்திஷேரி, காரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தெர்நகோர் என்று இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐந்து ஊர்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். சின்ன வயதில் மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். அவருக்கு அவை வெறும் பெயர்கள். அந்த ஊர்களிலிருந்து 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பலேறிய தமிழர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னபோது, வகுப்பில் அதைப் பேச முடியுமா என்று கேட்டார். பேசினேன். அன்று மட்டும் பிரெஞ்சில்.

பொட்டு விஷயத்தையும் பலர் கேட்டிருக்கிறீர்கள். பிரான்ஸில் 2004 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்கள் மதத்தைப் பளிச்சென்று காட்டும் சின்னங்கள் அணியக் கூடாது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம், சின்னதாகக்கூட எதுவும் கூடாது. உதவியாளரும் அரசுச் சம்பளக்காரர்தான். பொட்டு மதச் சின்னமா அலங்காரமா என்று என்னால் ஒரு மணி நேரம் வாதாட முடியும். ஆனால் பக்கத்தில் முக்காட்டை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் மாணவி இருக்கும்போது, எனக்கு மட்டும் 'இது சும்மா ஃபேஷன்' என்று சலுகை கேட்கப் பிடிக்கவில்லை. வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டேன், உள்ளே வைக்கவில்லை. அந்தச் சட்டத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பது வேறு.

நவம்பரிலிருந்து குளிர். பீடபூமியில் 'பூர்ல்' என்று ஒரு வடகாற்று வீசும். விழுந்த பனியைக் கிளப்பிச் சாலையை மூடிவிடும். கிராமத்துப் பேருந்துகள் வராது, வகுப்பில் பாதி காலி. ஐந்து மணிக்கு இருட்டு. தனிமை என்றால் அந்த மாதங்கள்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வார விடுமுறை வருவதுதான் காப்பாற்றியது.

ஒரு விடுமுறையில் பாரிஸ் போய் லா ஷாப்பெலில் இறங்கினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தெருவே தமிழ். பெரும்பாலும் 1983க்குப் பிறகு வந்த ஈழத்தவர்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நகைக்கடை, பக்கத்துப் பஜோல் தெருவில் பிள்ளையார் கோயில். மளிகைக் கடை அக்கா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "என்ன பிள்ளை, நீர் இவையளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறீரோ?" என்று உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். மகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷில் இருபதுக்குப் பதினேழாம். பேசச் சொன்னால் பேச மாட்டாளாம். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

இங்கிலீஷ் வாத்தியார் வேலை அந்த நாட்டில் பெரிய ஆட்களையும் படுத்தியிருக்கிறது. கவிஞர் மல்லார்மே வயிற்றுப் பிழைப்புக்கு வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளியில் இங்கிலீஷ்தான் எடுத்தார். 1863இல் அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்த தூர்நோன், லு புயிக்கு அடுத்த மாவட்டம். பிள்ளைகள் அவர் வகுப்பில் அடங்கவே மாட்டார்களாம். சாமுவேல் பெக்கெட் 1928இல் பாரிஸ் எக்கோல் நோர்மாலில் இங்கிலீஷ் பயிற்றுநராக வந்தவர். என் வகுப்பு அடங்காத நாட்களில் இந்த இரண்டு பெயரையும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பணம். கையில் மாதம் ஏறத்தாழ 800 யூரோ வரும். ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பள்ளியிலேயே அறை கிடைத்தால் சாப்பிட்டு, ரயிலேறி, ஊர் சுற்ற சரியாகப் போகும். பாரிஸில் போட்டால் வாடகைக்கே திண்டாட்டம். முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான் வரும், அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டும், விமான டிக்கெட்டும் நம் செலவு. கடன் வாங்கிப் போகிற வேலை இது இல்லை. சேர்த்து வைத்துவிட்டு வரலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது. மேலே படிக்க இடம் வாங்கினால் விசாவை மாற்ற வழி உண்டு.

யார் போகலாம்? இருபதுகளில் இருப்பவர்கள், பட்டப்படிப்பு படித்தவர்கள், பி1 அளவுக்காவது பிரெஞ்சு தெரிந்தவர்கள். இங்கிலீஷ் உச்சரிப்பு பிபிசி மாதிரி இருக்க வேண்டியதில்லை. சின்ன ஊர் கிடைத்தால் அழாதீர்கள். பெரிய ஊரில் எல்லாரும் உங்களிடம் இங்கிலீஷில் பேசிவிடுவார்கள், லு புயி மாதிரி ஊரில்தான் பிரெஞ்சு வரும். போகும்போது பிறப்புச் சான்றிதழ் அசலை மறக்காதீர்கள், சின்ன பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இந்தியாவில் இருக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் வழியாகத்தான், நேராக. நடுவில் ஏஜென்ட் யாரும் கிடையாது. "ஃபிரான்ஸ்ல டீச்சர் வேலை, ஒன்றரை லட்சம் கட்டுங்க" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நூற்றுத் தொண்ணூறு வாங்கி, அப்புறம் அந்த மொழியைத் தொடாமல் விட்டவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருபது பேர் இருப்பீர்கள். மார்க் ஷீட்டைத் தூசி தட்டுங்கள், இந்த வருஷமே போடுங்கள்.